மாமன் மடிக்கு வந்த தடை

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் ஆகவில்லை என்றால் அது அவர்கள் பாடு என்றுதான் சந்திரகலா வெகுநாள் நினைத்திருந்தாள். டிவியில் அந்தச் செய்தி வந்தால் எழுந்து போய் அரிசி களைவாள். இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் வேலித் தகராறு பண்ணினால் நமக்கென்ன வந்தது? அந்தத் தகராறு கடல் தாண்டி, மலேசியாவின் டெங்கில் ரோட்டைத் தாண்டி, பூச்சோங்கில் இருக்கும் தன் வீட்டுக்குள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நுழைந்து மகளின் காது குத்துக்குக் குறுக்கே நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பாள்.

அவள் கணவன் சிவநேசனுக்கு சைபர்ஜெயாவில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் டேட்டா சென்டரில் வேலை. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடும் கட்டடம் அது. அவை சூடாகாமல் பார்த்துக்கொள்கிற குளிர்சாதனப் பிரிவில் அவன் எஞ்சினியர். அவள் அண்ணன் ஜெயராஜுக்கும் அதே மாதிரி கட்டடத்தில்தான் வேலை, ஆனால் அது டெங்கில் பக்கம், சீனக் கம்பெனி. அங்கே அவன் சார்ஜ்மேன். கரண்டு நின்றால் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும், அது அவன் பொறுப்பு. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலையும் கொஞ்சம் செம்பனைத் தோட்டமும் கிடந்தன.

மச்சான்கள் இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. தீபாவளிக்குச் சாப்பிட வா என்று ஜெயராஜ்தான் நண்பனை வீட்டுக்குக் கூட்டி வந்தான். வந்தவன் பொங்கலுக்கும் வந்தான், பிறகு ஒன்றும் இல்லாத நாட்களிலும் வந்தான். வீட்டில் கேசரி அவ்வளவு ருசியில்லை என்பது ஜெயராஜுக்குத் தெரியும். நண்பன் எதற்கு வருகிறான் என்று புரிந்ததும் அவனே முன்னின்று கல்யாணத்தை முடித்து வைத்தான். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் இருவரும் டெங்கிலில் ஒரே மேசையில் வாழை இலை போட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைகள் நின்றுபோனது கம்ப்யூட்டர் சிப்பினால்தான். நகத்தளவு இருக்கும் அந்தச் சிப்பில்தான் நாளைய உலகமே இருக்கிறதாம். அமெரிக்கா விற்கிற சிப்பு மலேசியாவுக்கு வந்து, இங்கிருந்து சத்தமில்லாமல் சீனாக்காரன் கைக்குப் போகிறது என்று அங்கே சந்தேகம். அமெரிக்காக்காரன் வேவு பார்க்கிறான் என்று இங்கே சீனக் கம்பெனிக்குச் சந்தேகம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்கள் அந்தப் பக்கத்து ஆட்களோடு பழகும்போது கவனம் தேவை என்று இரண்டு இடத்திலும் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஏர்கோன் பார்க்கிறவனும் ஜெனரேட்டர் பார்க்கிறவனும் அந்தச் சிப்பின் முகத்தைக் கூடப் பார்த்ததில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை.

சரி, வெளியே ஒன்றாகச் சாப்பிட வேண்டாம், வீட்டு விசேஷத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெடுத்தது சந்திரகலா அடித்த கார்டு.

நம்ம ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விசேஷத்துக்குக் கார்டு அடித்தால் பெயரை மட்டும் மொட்டையாகப் போடக் கூடாது. படித்த படிப்பு, பார்க்கிற வேலை, கம்பெனி எல்லாம் பெயருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த மனிதரைக் குறைத்துவிட்டதாக அர்த்தம். சந்திரகலாவின் கல்யாணக் கார்டில் ஜெயராஜின் பெயர் அப்படித்தான் மொட்டையாக இருந்தது, அப்போது அவனுக்கு வேலை இல்லை. அண்ணன் அந்தக் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மடித்து வைத்தது அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது. மகள் வாணியின் காது குத்துக் கார்டில் அந்த முள்ளைப் பிடுங்கினாள். 'தாய்மாமன் திரு. ஜெயராஜ், சார்ஜ்மேன்' என்று போட்டு, கம்பெனி பெயரை முழுசாக, தங்க எழுத்தில் போட்டாள். அதற்கு மேல் வரியில் 'தந்தை திரு. சிவநேசன், எஞ்சினியர்', அவன் கம்பெனி பெயரும் தங்க எழுத்தில். இரண்டு வல்லரசும் ஒரே கார்டில், நடுவே பிள்ளையார் படம்.

கார்டு கொடுத்து ஒரு வாரம் போயிருக்கும். சிவநேசன் வேலை முடிந்து வந்தவன் சட்டையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உங்கண்ணன் வேலையைக் காட்டிட்டான்," என்றான்.

"என்ன காட்டினான்?"

"ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிக்கிறாங்க கலா. கார்டைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க. இந்த ஆளு யாரு, வீட்டுக்கு வருவாரா, வந்தா உன் லேப்டாப் எங்க இருக்கும்னு கேக்குறாங்க. எனக்கு வேர்த்துப்போச்சு. அவன் தன் பாஸ்கிட்ட காட்டியிருக்கான். பாரு, அமெரிக்கக் கம்பெனியில எனக்கு ஆளு இருக்குன்னு பெருமை. அங்கேருந்து சுத்தி இங்க வந்திருக்கு."

அவள் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. கிள்ளானிலிருந்து குமுதா, ஜெயராஜின் மனைவி. அவள் குரல் இறங்கியிருந்தது. "கலா, உங்கண்ணனை ஆபீஸ்ல கூப்பிட்டு ரொம்ப நேரம் கேள்வி கேட்டிருக்காங்க. வேற இடத்துக்கு மாத்தலாம்னு பேச்சாம். உன் வீட்டுக்காரர்தான் போட்டுக் கொடுத்திருக்காருன்னு சொல்லிட்டு இங்க சோறு சாப்பிடாம உக்காந்திருக்காரு."

மறுநாள் காலை சந்திரகலா காரை எடுத்துக்கொண்டு கிள்ளான் போனாள். ஜெயராஜ் வாசலில் நின்றபடியே பேசினான், உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் பிறந்து இத்தனை வருஷத்தில் அது நடந்ததில்லை.

"அண்ணே, உனக்குக் கொடுத்த கார்டை என்ன பண்ணினே?" என்று மட்டும் கேட்டாள்.

"என்ன பண்ணுவாங்க? கேன்டீன் சுவத்துல ஒட்டினேன். எல்லாரும் வரட்டும்னுதான்."

திரும்பி வந்து கணவனிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஆபீஸ் பேன்ட்ரி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். தனித்தனியா யாருக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கிறது?"

சந்திரகலாவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் தத்தம் கையாலேயே, பசை தடவி, தங்களைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நம்பினாள், பாவம்.

கணவன் சொன்னான், "உங்கண்ணன் அப்படித்தான் சொல்வான். நீயும் நம்பு." அண்ணன் சொன்னான், "உன் புருஷன் உன்னை அனுப்பிச்சானா?" பூச்சோங்கில் அவள் அண்ணனின் ஆள், கிள்ளானில் அவள் புருஷனின் ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடும், இவளால் அதுவும் முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் சிவநேசன் மெதுவாக ஆரம்பித்தான். "நம்ம குருவை உட்கார வச்சிடலாமா? அவனும் பிள்ளைக்கு மாமா மாதிரிதானே." குரு அவனோடு வேலை பார்க்கிறவன், நல்லவன்தான்.

"மாமன் என்ன வாடகைக்குக் கிடைக்கிற நாற்காலியா?" என்று கேட்டாள் சந்திரகலா. அவ்வளவு சூடாக அவள் பேசி அவன் கேட்டதில்லை, குரு பேச்சை அதோடு விட்டான்.

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த அண்ணன் ஒருவன்தான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அண்ணன் இருக்கும்போதே இன்னொருவன் மடியில் உட்கார வைத்தால், பிறந்த வீட்டுக் கதவை இவளே சாத்திவிட்டதாக ஊர் சொல்லும். ஊரை விடுங்கள், ஜெயராஜ் அதற்குப் பிறகு இந்தப் படி மிதிக்க மாட்டான். அவளுக்கு அதுதான் பயம்.

ஆண்கள் முறைத்துக்கொண்டு நிற்க, பெண்கள் இருவரும் போனிலேயே ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். கையெழுத்துதான் போடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை விசேஷம். முதலில் ஜெயராஜ் சீரோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்து, காது குத்தி முடிந்ததும் கிளம்பிவிடுவான். அதுவரை சிவநேசன் மண்டபத்துக்குள் வர மாட்டான். அவன் வந்து பந்தி பரிமாறும்போது ஜெயராஜ் இருக்க மாட்டான். நாளைக்கு யார் கேட்டாலும், நாங்கள் சந்திக்கவே இல்லை என்று இருவரும் சத்தியம் பண்ணலாம்.

"பெத்த பிள்ளை காது குத்துக்கு அப்பன் வெளிய நிக்கணுமா கலா?" என்று குமுதா கேட்டாள்.

"நிக்க வேணாம் அண்ணி. பின்னாடி கார்ல உக்காந்திருப்பாரு, ஏர்கோன் போட்டுக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. அப்பன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆபீசில் அவசரம், வந்துகொண்டே இருக்கிறார் என்று சந்திரகலா பொய் சொன்னாள். ஜெயராஜ் பட்டு வேட்டியில் வந்தான். தட்டுத் தட்டாகச் சீர். தங்கத் தோடு, பட்டுப் பாவாடை, பழம், பூ, சாக்லேட் கூட ஒரு தட்டு. தங்கை முகத்தைப் பார்க்காமல்தான் தட்டைக் கொடுத்தான், ஆனால் எதையும் குறைத்துக்கொண்டு வரவில்லை. வாணி மாமாவைக் கண்டதும் ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள். குழந்தைக்கு எந்தக் கம்பெனியும் கூட்டம் போட்டு எதுவும் சொல்லவில்லையே.

காது குத்த வந்த நாகையா பத்தர் ஊசியோடு எதிரே உட்கார்ந்தார். முதல் காது, பிள்ளை சாக்லேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று புரிய ஒரு நொடி ஆனது, பிறகு மண்டபமே அதிரும்படி அழுகை. இரண்டாவது காதைத் தொட விடவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். குமுதா பிடித்தாள், வாணி அவள் கையைக் கடித்துவிட்டாள். சந்திரகலா பிடித்தாள், நழுவிக்கொண்டாள். "அப்பா வேணும், அப்பா வேணும்," என்று ஒரே பிடி.

"தலை ஆடினா ஊசி எங்கயோ போயிரும்மா," என்றார் பத்தர். "பிள்ளை யாருக்கு அடங்குமோ அவங்க வந்து பிடிக்கணும். அவங்கப்பா எங்க?"

ஒற்றைக் காதோடு பிள்ளை எழுந்திருக்கக் கூடாது என்று பின்னால் ஒரு பெண் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அத்தனை கெட்டிக்காரத்தனமாகப் போட்ட ஏற்பாட்டில் பிள்ளை அழும் என்பதை இரண்டு பெண்களும் மறந்திருந்தார்கள்.

ஜெயராஜ் அவளை அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "எங்க இருக்கான்?"

"பின்னாடி, கார்ல."

அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். பத்தர் ஊசியையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். சந்திரகலா ஓடினாள். மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த காருக்குள் சிவநேசன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகள் அழுதது அங்கேயும் கேட்டிருக்கிறது, இறங்கி வரக் கூடாது என்று ஒப்புக்கொண்ட மனிதன் வேறென்ன செய்வான்? அவன் கண் சிவந்திருந்தது.

ஜெயராஜ் பின்கதவைத் திறந்து பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்தான். "இறங்கி இந்தப் பக்கம் வா. தலையைப் பிடி," என்றான்.

சிவநேசன் வந்து மகள் கன்னத்தைத் தன் கையில் ஏந்திக்கொண்டான். அவள் அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் தலை அசையவில்லை. மாமன் மடியில் உடம்பு, அப்பன் கையில் தலை. பத்தர் கதவோரம் குனிந்து, கண் இமைப்பதற்குள் வேலையை முடித்துத் தோட்டை மாட்டினார். அவர் போன பிறகும் பிள்ளை கொஞ்ச நேரம் விசும்பிவிட்டு அப்படியே தூங்கிப்போனது. இப்போது இருவராலும் அசைய முடியவில்லை. சந்திரகலா திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ போட்டுக் கொடுக்கல," என்றான் ஜெயராஜ்.

"இல்ல மச்சான். நீ?"

"இல்ல. கலா சொன்னா, நான்தான் நம்பல."

"நானுந்தான்." சிவநேசன் மகளின் நெற்றியைத் துடைத்தான். "ஆனா ஒண்ணு. நெருங்கின உறவான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் பேச்சுவார்த்தை கொறவுன்னு சொன்னேன்."

"நான் அதுக்கும் மேல. தங்கச்சி வீட்டோட போக்குவரத்தே இல்லன்னு சொல்லிட்டேன்."

இருவரும் லேசாகச் சிரித்தார்கள். கணக்கு சரியாகிப்போன நிம்மதி அவர்களுக்கு. சந்திரகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கவில்லைதான். இருவரும் விட்டுக்கொடுத்தது அவளை. பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் அத்தனை தடவை அலைந்தவள் எந்த உறவுக்காக அலைந்தாளோ, அந்த உறவே இல்லை என்று இரண்டு ஆபீசிலும் பதிவாகியிருக்கிறது.

"அப்போ நான் யாரு, உங்க ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"போக்குவரத்து இல்லாத வீட்டுக்குத்தான் இத்தனை தட்டு தூக்கிட்டு வந்தியா அண்ணே? பேச்சுவார்த்தை இல்லாத மச்சான் மடியிலதான் உங்க பிள்ளை தூங்குதாங்க?"

"வேலை கலா," என்றான் சிவநேசன்.

"வேலை வேணும். யாரு வேணாம்னா? ஆனா நான் இல்லன்னு சொல்லித்தான் அதைக் காப்பாத்தணுமா?"

ஜெயராஜ் தூங்கும் பிள்ளையைப் பார்த்தான். "நாளைக்குப் போய் மாத்திச் சொல்லிடறேன்," என்றான்.

சிவநேசன் ஆமாம் என்று தலையாட்டப் போனவன் பாதியில் நிறுத்தி மச்சானைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சந்திரகலா கண்டாள். நான் மாற்றிச் சொல்லி, இவன் சொல்லாமல் விட்டால்? நான் பொய்யன், இவன் யோக்கியன். அதே கேள்வி அண்ணன் முகத்திலும் வந்து நின்றது. இப்போதுதான் சிரித்தார்கள், அதற்குள் இன்னொன்று முளைத்துவிட்டது. இதை இப்படியே விட்டால் நாளைக் காலை இருவருமே வாயைத் திறக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது.

"நாளைக்கு வேணாம்," என்றாள். "இப்பவே சொல்லுங்க. ஒருத்தர் முன்னாடி ஒருத்தர்."

"ஞாயித்துக்கிழமை லா கலா," என்றான் அண்ணன்.

"குரல் பதிவு போட்டு அனுப்பு. கேக்கும்போது கேக்கட்டும்."

யார் முதலில் என்று இருவரும் யோசித்தார்கள். ஜெயராஜின் இரண்டு கையும் தூங்கும் பிள்ளைக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தன. சிவநேசனுக்கு ஒரு கை பிள்ளை தலைக்கு, ஒரு கை சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருந்த கையை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்து, மேலதிகாரியின் பெயரைத் தேடி, ஆங்கிலத்தில் பேசினான். கார்டில் இருப்பவர் என் மனைவியின் அண்ணன், போன வாரம் நான் சரியாகச் சொல்லவில்லை, நாங்கள் நெருங்கின உறவு, இன்றைக்கு என் மகளுக்குக் காது குத்து, அவர் மடியில்தான் இருக்கிறாள் என்று சொல்லி முடித்தான். மச்சானைத் திரும்பிப் பார்க்காமல் அனுப்பினான்.

சந்திரகலா அண்ணனைப் பார்த்தாள். இவன் இப்போது பேசாமல் இருந்துவிட்டால்? ஜெயராஜுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாற்றல் பேச்சு வேறு தலைக்கு மேல் தொங்குகிறது.

"என் போன் சட்டைப் பாக்கெட்ல இருக்கு," என்றான் ஜெயராஜ். "எடு."

சிவநேசன் தயங்கினான். கம்பெனி கொடுத்த போன் அது. வெளியாள் கை படக் கூடாது என்று உத்தரவு, குமுதா கூட அதைத் தொட்டதில்லை.

"எடுடா. பிள்ளை எழுந்திருச்சிடும்."

சிவநேசன் குனிந்து மச்சானின் பாக்கெட்டில் கை விட்டு அந்தப் போனை எடுத்தான். திறக்கிற எண்ணை ஜெயராஜ் வாய்விட்டே சொன்னான், அவன் அழுத்தினான். யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னான், அதையும் அழுத்தினான். பிறகு சீனக் கம்பெனியின் போனை அமெரிக்கக் கம்பெனிக்காரன் தன் கையால் பிடித்து மச்சானின் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினான்.

ஜெயராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மலாயில் ஆரம்பித்தான். "பாஸ், எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா," என்றுதான் முதல் வார்த்தை. சந்திரகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, காரில் சாய்ந்து அழுதாள்.